மதுரம் கொட்டும்போது பெட்டிக்குள் இடம் இருக்கிறதா?

பூ நன்றாக விட்டிருக்கிறது, தேனீப் பெட்டி கனக்கிறது, இனி என்ன செய்வது? இந்த இதழுக்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியே இருக்கின்றன. அதனால் நோய், தீவனம் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இடம் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். தேன் வரத்து காத்திருக்காது, இவை காத்திருக்கவும் கூடாது. புதியவர்களுக்கு ஒரு வரி: பெட்டியின் கீழே ராணி முட்டையிட்டுப் புழு வளரும் புழு அறை, அதன் மேலே தேன் சேரும் தேன் அறை, இரண்டிலும் அடை கட்டத் தொங்கவிடும் சட்டங்கள்.

கேள்வி: என் தேன் அறையில் பாதிச் சட்டங்கள்தான் மெழுகு மூடி போட்டிருக்கின்றன. மீதியில் பளபளவென்று திரவம் நிற்கிறது. முழுவதும் மூடிய பிறகு அடுத்த தேன் அறையை வைத்தால் போதும் என்கிறார் பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவர். அப்படியே செய்யலாமா?

வேண்டாம். இன்றே வையுங்கள். முடிந்தால் இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள்.

உங்கள் பக்கத்துக்காரர் தேனுக்கு மட்டும் இடம் கணக்குப் போடுகிறார். தேனீ தேனைக் கொண்டுவருவதில்லை, பூவில் சுரக்கும் இனிப்பு நீரான மதுரத்தைக் கொண்டுவருகிறது. அதில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். ஒரு கிலோ தேனில் சர்க்கரை சுமார் 800 கிராம். பூவில் கிடைக்கும் மதுரத்தில் 30 சதவீதம் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். அந்த 800 கிராமுக்கு 2.7 கிலோ மதுரம் உள்ளே வர வேண்டும். அதில் 1.7 கிலோ தண்ணீராக ஆவியாகி வெளியே போக வேண்டும். போகும்வரை அதுவும் அடையில்தான் எங்காவது இருந்தாக வேண்டும்.

அது அடையின் ஒரு கண்ணில், அதாவது ஒரு சின்னக் குழியில், மொத்தமாக நிரம்பியும் நிற்காது. வெளியிலிருந்து வரும் தேனீயின் வாயிலிருந்து உள்ளே இருக்கும் இளம் தேனீ மதுரத்தை வாங்கிக்கொள்கிறது. நாக்கு நுனியில் அதை மெல்லிய படலமாக விரித்து, மறுபடி உள்ளிழுத்து, மறுபடி விரித்துக் காயவைக்கிறது. அப்புறம் காலிக் கண்களின் சுவரில் சொட்டுச் சொட்டாகத் தொங்கவிடுகிறது. பரப்பு அதிகமானால்தான் சீக்கிரம் காயும். அதனால் பத்துக் கண்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி வைத்து, கெட்டியான பிறகு ஒன்றிரண்டு கண்களில் சேர்த்து மூடி போடுகின்றன. வரத்து உச்சத்தில் இருக்கும் ஒரு நாள் மாலையில் மூடாத சட்டம் ஒன்றைத் தூக்கிப் படுக்கையாகப் பிடித்து, லேசாக ஒரு குலுக்கு குலுக்குங்கள். கையெல்லாம், புழு அறையின் சட்டங்கள் மேலெல்லாம் மழைபோலத் தெறிக்கும். அன்று காலையிலிருந்து வந்த மதுரம் அது. இரவில் அந்தப் பெட்டி அருகே போய் நின்றால் சிறகடித்துக் காற்று விடும் சத்தம் சீராகக் கேட்கும், வாசலில் இனிப்பு வாசம் அடிக்கும்.

அந்தப் பரப்பல் வேலைக்கு இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சீலி 1992இல் அழகாகக் காட்டினார். மதுரத்தோடு திரும்பும் தேனீ, அதை வாங்கிக்கொள்ள உள்ளே ஒரு தேனீயைத் தேடுகிறது. 20 விநாடிக்குள் ஆள் கிடைத்துவிட்டால் உற்சாகமாக ஆட்டம் ஆடி, அந்தப் பூ இருக்கும் திசைக்கு மற்ற தேனீக்களை அனுப்புகிறது. 50 விநாடிக்கு மேல் அலைய நேர்ந்தால் அந்த ஆட்டத்தை ஆடுவதில்லை. உடல் நடுங்கும் இன்னோர் ஆட்டத்தை ஆடி, மதுரம் வாங்க இன்னும் ஆட்கள் வேண்டும் என்று உள்ளே இருப்பவர்களைக் கூப்பிடுகிறது. அதைக் கேட்டு வெளியே ஆள் சேர்க்கும் ஆட்டமும் குறைகிறது. கூப்பிட்டு வந்த ஆட்களுக்கும் மதுரத்தை இறக்கிவைக்கக் காலிக் கண் வேண்டுமே! அது இல்லாவிட்டால், பூ விரிந்து கிடக்கும்போதே பெட்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த நஷ்டம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. காலி அடை பெட்டிக்குள் அதிகமாக இருந்தால் தேனீக்கள் சேமிக்கும் வேகம் கூடுகிறது என்று தாமஸ் ரிண்டரர் அமெரிக்காவில் 1970களிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்.

ஆகவே மூடியை எதிர்பார்க்காதீர்கள், தேனீக்கள் எத்தனை சட்டத்தில் ஏறியிருக்கின்றன என்று பாருங்கள். பத்துச் சட்டத்தில் ஏழில் தேனீ நிறைந்து, கண்களில் ஈரம் மின்னினால் அடுத்த அறைக்கு நேரம் வந்துவிட்டது. வரத்து பலமாக இருந்து, அடுத்த ஒரு வாரம் பெட்டியைத் திறக்க வாய்ப்பில்லை என்றால் இரண்டாக வைத்துவிடுங்கள். வலுவான கூட்டத்துக்கு அது அதிகமில்லை.

கேள்வி: என்னிடம் கட்டிய அடைகள் கிடையாது. அடை கட்ட அடித்தளமாக மெழுகுத் தாள் பொருத்திய புதுச் சட்டங்கள்தான் உள்ளன. அதையே கொடுத்தால் இடம் கொடுத்ததாகுமா?

கட்டி முடிக்கும்வரை ஆகாது. மெழுகுத் தாளில் மதுரத்தை வைக்க முடியாது. மெழுகு சுரப்பது பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு நாள் வயதுள்ள தேனீக்கள். அவை நிறையச் சாப்பிட்டுக் கொத்தாகத் தொங்கினால்தான் மெழுகு வரும். கட்டிய அடையைக் கொடுத்தால் அன்று மதியமே உபயோகத்துக்கு வரும். தாளைக் கொடுத்தால் சில நாள் கழித்துத்தான். அதனால் தாளை வைத்திருப்பவர் மற்றவர்களைவிட முன்கூட்டியே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எப்போது? சட்டங்களின் மேல்கட்டையில் வெள்ளை வெளேரென்று புதுமெழுகு திட்டுத்திட்டாகத் தெரியும் நாள்தான் சரியான நாள். கட்டுமான ஆட்கள் தயார், மதுரமும் வருகிறது என்று அர்த்தம். வரத்தே இல்லாத நாளில் வைத்தால் தாளின் ஓரத்தைக் கடித்துக் குதறி வைக்கும்.

இன்னொன்று. பத்துச் சட்டப் பெட்டியில் தாள்களைப் பத்தும் நெருக்கமாகவே வையுங்கள். கட்டி முடித்த அடைகளை மட்டும் ஒன்பதாக்கிச் சற்றுத் தள்ளி வைக்கலாம், கண்கள் ஆழமாக நீண்டு தடித்த அடை கிடைக்கும். தாளைத் தள்ளி வைத்தால் இடையில் குறுக்கும் நெடுக்குமாக அடை கட்டிவிடும். தேனீ நடமாட விட்டுவைக்கும் சந்து ஆறிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர். 1851இல் லாங்ஸ்ட்ராத் இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு பெட்டியை வடிவமைத்ததால்தான் இன்று நம்மால் சட்டத்தை உடைக்காமல் வெளியே எடுக்க முடிகிறது. அதைவிட அகலமாக இடம் விட்டால் அங்கே அடை முளைக்கும். தடித்த தேன் அடைகளுக்கு நடுவில் ஒற்றைத் தாளைச் செருகுவதும் இதே வம்புதான். பக்கத்து அடையையே இன்னும் தடிக்கவைத்து, தாளுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

கேள்வி: அக்கா, நான் கல்லூரி மாணவன். முதன்முதலாகப் பெட்டி வைத்திருக்கிறேன். மேலே முழுத் தேன் அறை காலியாக இருக்கிறது. ஆனால் நேற்று கீழே புழு அறையில், புது ராணியை வளர்க்கும் ராணி செல்கள் தொங்குவதைப் பார்த்தேன். இவ்வளவு இடம் கொடுத்தும் கூட்டம் ஏன் பிரியப் பார்க்கிறது?

தம்பி, இடம் மேலே கொடுத்திருக்கிறாய். நெருக்கடி கீழே இருக்கிறது. பெட்டியில் இரண்டு வகை இடம் உண்டு. ஒன்று மதுரத்துக்கு, மற்றொன்று ராணி முட்டையிட. ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்றுக்கும் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே.

வரத்து வேகமாக இருக்கும்போது, புழு வளர்ந்து தேனீயாக வெளியேறிய கண் காலியானதும், ராணி அங்கே வந்து சேருவதற்குள் யாராவது ஒரு தேனீ அதில் மதுரத்தை ஊற்றிவிடும். மேலே போக நேரமில்லை, கிட்டத்தில் எது காலியோ அதில் ஊற்றும். இப்படியே புழுவின் வட்டம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். மேற்கத்தியத் தேனீயின் நல்ல ராணி ஒரு நாளைக்கு 1,500 முட்டை வரை இடுகிறது என்று வை. முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளியே வர 21 நாள். அப்படியானால் எந்த நேரத்திலும் அவளுக்கு 31,500 கண்கள் தேவை. லாங்ஸ்ட்ராத் புழு அறைச் சட்டம் ஒன்றில் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 6,500, 7,000 கண்கள் இருக்கும். ஐந்து சட்டம் முழுசாக வேண்டும். மகரந்தமும் ஓரத்துத் தேனும் போக, நடைமுறையில் ஏழெட்டு. உன் பெட்டியைத் திறந்து, அதில் எத்தனை சட்டத்தை மதுரம் பிடித்திருக்கிறது என்று எண்ணிப் பார். முட்டையிட இடமில்லாமல் ராணி மெலியும், ஊட்டுவதற்குப் புழு இல்லாமல் செவிலித் தேனீக்கள் சும்மா நிற்கும். பிரிந்து போகும் எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

இனி நீ பார்த்த ராணி செல்கள். அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போலச் சொரசொரப்பாகத் தொங்குபவை நிஜமான செல்கள். சின்னக் கிண்ணமாக, உள்ளே ஒன்றும் இல்லாமல் இருப்பவை வெறும் ஏற்பாடு மட்டுமே. எல்லாப் பெட்டியிலும் இருக்கும், பயப்படாதே. சட்டத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் உள்ளே பார். அடியில் வெண்மையான பால் போன்ற கூழில் புழு மிதந்தால் விஷயம் கைமீறிக்கொண்டிருக்கிறது.

வெறும் கிண்ணங்கள்தான் என்றால் வேலை எளிது. புழு அறையின் ஓரத்தில் தேனும் மதுரமும் நிரம்பிய இரண்டு சட்டங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காலி அடைகளைக் கொடு. புழு வட்டத்தை ஒட்டினாற்போல வை, நடுவில் பிளக்காதே. கூட்டம் வலுவாக இருந்து இரவும் கதகதப்பாக இருந்தால் நடுவில் ஒன்று செருகலாம், அதற்கு மேல் வேண்டாம். தேன் அறையின் சட்டமும் அதே அளவாக இருந்தால் எடுத்த தேன் சட்டம் மேலே போகட்டும்.

உள்ளே புழு இருந்தால் மேலே இன்னொரு அறையை வைத்துப் பிரயோசனம் இல்லை. செல்களை மட்டும் கிள்ளிவிட்டாலும் அடங்காது. திரும்பக் கட்டும், அல்லது நீ பார்க்காமல் விட்ட ஒன்று அடையின் மடிப்பில் எங்கோ இருக்கும். இங்கே கூட்டத்தை நீயே இரண்டாகப் பிரிப்பதுதான் உறுதியான வழி. ஒரே பெட்டியாக வைத்துத் தேன் எடுக்க வேண்டும் என்றால் ஜார்ஜ் டெமரி 1892இல் எழுதிய முறை இன்றைக்கும் வேலை செய்கிறது. ராணியை, அவள் இருக்கும் ஒரே ஒரு புழுச் சட்டத்தோடு, காலி அடைகள் நிறைந்த புது அறையில் அடியில் வை. அந்தச் சட்டத்தில் ராணி செல் எதுவும் இருக்கக் கூடாது. அதன் மேல் ராணியை விடாத தடுப்புச் சல்லடை. அதன் மேல் தேன் அறை. எல்லாவற்றுக்கும் மேலே மற்ற புழுச் சட்டங்கள் இருக்கும் பழைய அறை, அதில் இருக்கும் ராணி செல்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு. செவிலிகள் புழுவைத் தேடி மேலே போகும், ராணிக்குக் கீழே பெரிய வெளி கிடைக்கும், பிரிந்த மாதிரியே ஆகிவிடும். ஒரு வாரம் கழித்து மேல் அறையைத் திறந்து, புதிதாகக் கட்டிய ராணி செல்களை ஒன்று விடாமல் எடுத்துவிடு. மூன்று வாரத்தில் அங்கே இருந்த புழுவெல்லாம் தேனீயாகி வெளிவந்து, அந்தக் கண்களும் தேன் வைக்க இடமாகும். மேலே பிறக்கும் ஆண் தேனீக்களால் சல்லடை வழியே இறங்க முடியாது. அவை வெளியேற மேலே ஒரு சின்ன வாசல் கொடு, மறந்துவிடாதே.

இந்தக் காலத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறை புழு அறையைப் பார்த்தே ஆக வேண்டும். முட்டையிட்ட எட்டாம் ஒன்பதாம் நாள் ராணி செல்லுக்கு மூடி விழும், மூடி விழுந்த கையோடு பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால், போன பிறகுதான் பார்ப்பாய்.

கேள்வி: தடுப்புச் சல்லடை போட்டதிலிருந்து தேனீக்கள் மேலே ஏறவே மாட்டேன் என்கின்றன. என்ன செய்யலாம்?

மேலே வெறும் மெழுகுத் தாள் இருந்தால் ஏறாது, சல்லடை மேல் பழி போட வேண்டாம். ஏற ஒரு காரணம் வேண்டும். மதுரம் கொஞ்சம் இருக்கும் ஒரு சட்டத்தையோ, கட்டிய அடை ஒன்றையோ மேலே நடுவில் வையுங்கள். அதுவும் இல்லாவிட்டால் சில நாள் சல்லடையை எடுத்துவிடுங்கள். மேலே வேலை தொடங்கியதும், ராணி கீழேதான் இருக்கிறாள் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு திரும்பப் போடுங்கள். முட்டையைப் பார்த்துவிட்டு ராணி அங்கேதான் என்று முடிவு கட்ட வேண்டாம். முட்டை மூன்று நாள் வரை முட்டையாகவே இருக்கும், அதற்குள் அவள் மேலே போயிருக்கலாம்.

கேள்வி: புதுத் தேன் அறையை நிரம்பியதற்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா?

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பெர்ரி, டெலப்ளேன் இருவரும் இதை ஒப்பிட்டு 2000இல் வெளியிட்டார்கள். தேன் அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதனால் முதுகை நினைத்து மேலேயே வையுங்கள். மெழுகுத் தாள் என்றால் மட்டும் நான் புழு அறைக்கு நேர் மேலே வைப்பேன். இளம் தேனீக்களின் கூட்டமும் சூடும் அங்கேதான், அடை சீக்கிரம் எழும்பும்.

கேள்வி: நான் வைத்திருப்பது மேற்கத்தியத் தேனீ இல்லை, ஆசியத் தேனீயான செரானா. நீங்கள் சொல்லும் அடுக்குகள் எனக்கும் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. செரானா கூட்டம் சிறியது, ராணி இடும் முட்டையும் குறைவு. பிரியும் எண்ணமோ சீக்கிரம் வந்துவிடும், பிடிக்காவிட்டால் கூட்டோடு கிளம்பியும்விடும். அளவுக்கு மீறி இடம் கொடுத்தால் அவற்றால் காவல் காக்க முடியாது, மெழுகுப் புழு வந்து அடையை அரித்துவிடும். உயரம் குறைந்த தேன் அறையாக ஒவ்வொன்றாகக் கொடுங்கள், முந்தையதில் முக்கால்வாசி வேலை நடந்த பிறகு அடுத்தது. மேலே அடுக்குவதைவிட, மூடிய அடைகளை அடிக்கடி எடுத்துத் தேன் பிழிந்து, காலி அடையை அன்றைக்கே திருப்பிக் கொடுப்பது இந்த இனத்துக்கு நல்லது. புழு அறை பார்க்கும் ஒழுங்கில் மட்டும் எந்தச் சலுகையும் இல்லை.

கேள்வி: வரத்து முடியப்போகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? காலி அறைகளை எப்போது எடுப்பது?

மேல்கட்டையில் புதுமெழுகு நின்றுபோகும். சட்டத்தைக் குலுக்கினால் சொட்டு விழாது. பெட்டியைத் திறந்து வைத்த சிறிது நேரத்தில் வேறு பெட்டித் தேனீக்கள் சுற்றத் தொடங்கும். பெட்டியை எடை பார்க்கும் வசதி இருப்பவர்களுக்கு இன்னும் எளிது, தினமும் ஏறிக்கொண்டிருந்த எடை அப்படியே நின்றுவிடும். இவற்றில் இரண்டைச் சேர்த்துப் பார்த்துவிட்டால் புது இடம் கொடுப்பதை அன்றோடு நிறுத்துங்கள். முன்பு இடம் கொடுக்க எவ்வளவு அவசரப்பட்டோமோ, அதே அவசரத்தோடு இப்போது சுருக்க வேண்டும். மூன்று அறைகளில் சிதறிக் கிடக்கும் அரைகுறை அடைகளை எல்லாம் ஒரே அறைக்குச் சேருங்கள். அதிகம் நிரம்பியவை நடுவில் வரட்டும். கூட்டம் ஒரே இடத்தில் கவனம் வைத்தால்தான் கெட்டியாக்கி மூடும்.

மூடாத தேனை ஆசைப்பட்டு எடுக்காதீர்கள். உணவுத் தரத்துக்கான சர்வதேச விதியான கோடெக்ஸ், தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. ஒருசில வகைத் தேனுக்குத்தான் விலக்கு. அதற்கு மேல் போனால் புளிக்கும். முக்கால்வாசிக்கு மேல் மூடிய சட்டமாக, குலுக்கினால் சொட்டாததாகப் பார்த்து எடுங்கள். ஈரம் அளக்கும் கருவி இருந்தால் மூடாத பகுதியிலிருந்து ஒரு துளி வைத்துப் பாருங்கள். எடுத்த சட்டங்களை ஈரக்காற்றில் இரவு முழுக்கத் திறந்து வைக்கவும் வேண்டாம், தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்.

புழு அறையில் இருக்கும் தேனைத் தொடாதீர்கள். மேலேயும் எல்லாச் சட்டத்தையும் வழித்து எடுக்காமல், அடுத்த பூ வரும்வரை கூட்டம் சாப்பிட எவ்வளவு வேண்டும் என்று பார்த்து விட்டுவையுங்கள். பிழிந்த அடைகளை மாலையில் பெட்டிக்கே திருப்பிக் கொடுத்தால் மிச்சத்தை நக்கித் துடைத்துவிடும். பகலில் கொடுத்தால் கொள்ளையடிக்கும் சண்டை மூளும். காய்ந்த பிறகு அந்த அடைகளை வெளிச்சமும் காற்றும் படும்படி, சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி விட்டு அடுக்கி வையுங்கள். நெருக்கி அடைத்து இருட்டில் வைத்தால் மெழுகுப் பூச்சி முட்டையிடும். அடுத்த வரத்தின் முதல் நாளில் கையில் கட்டிய அடை இருக்க வேண்டும் என்றால், அதைக் காப்பாற்றும் வேலை இந்த வாரமே தொடங்குகிறது.